இசைத்தட்டுப் பட்டியல் கிழித்த கோடு: கன்ட்ரி இசை வரலாற்றின் சில தருணங்கள்

1927 டிசம்பர் 10 சனிக்கிழமை இரவு, அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லில், டபிள்யூ.எஸ்.எம். என்ற வானொலி நிலையம் நியூயார்க்கிலிருந்து வந்த மேற்கத்தியச் செவ்வியல் இசை நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பி முடித்துவிட்டு, வழக்கமான தன் சனிக்கிழமைக் கிராமியக் கச்சேரிக்கு மாறியது. செவ்வியல் நிகழ்ச்சியை நடத்திய வால்டர் டாம்ரோஷ், நடப்பை அப்படியே ஒலியில் காட்டுவதற்குத் தம் இசையில் இடமில்லை என்று சொல்லிவிட்டு, விதிவிலக்காக, ஓடும் ரயிலைச் சித்தரிக்கும் ஒரு படைப்பை வாசிக்கச் செய்திருந்தார். நாஷ்வில் நிலையத்தின் அறிவிப்பாளர் ஜார்ஜ் டி. ஹே அதற்கு மறுமொழி சொல்வதுபோல டிஃபோர்ட் பெய்லி என்ற மவுத் ஆர்கன் கலைஞரை ஒலிவாங்கியின் முன் அழைத்தார். பெய்லி தம் கையடக்கக் கருவியில், நாஷ்வில் வழியாகப் போகும் ஒரு விரைவு ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, ஊதிக்கொண்டே கடந்து போவதை வாசித்துக் காட்டினார். இதுவரை நாம் கேட்டது 'கிராண்ட் ஆப்பரா', இனிக் கேட்கப்போவது, அந்தச் சொல்லைக் கிராமத்தார் உச்சரிப்பில் திரித்து, 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று ஹே அறிவித்தார். அவரே பின்னாளில் எழுதிவைத்த இந்த நிகழ்விலிருந்துதான், இன்றுவரை ஒலிபரப்பாகிவரும் அந்த வானொலி நிகழ்ச்சிக்குப் பெயர் வந்தது. அந்த மேடையில் இடம்பெறுவதே கன்ட்ரி இசைக் கலைஞர்களுக்குப் பெரிய அங்கீகாரமாக ஆயிற்று.

இந்தக் கதையில் பலமுறை சொல்லாமல் விடப்பட்ட செய்தி ஒன்று உண்டு. டிஃபோர்ட் பெய்லி கறுப்பினத்தவர். அடிமையாகப் பிறந்து பிடில் வாசிப்பில் பெயரெடுத்த ஒருவரின் பேரன். வெள்ளையரின் கிராமிய இசை என்று உலகம் அறிந்துவைத்திருக்கும் ஓர் இசை வகையின் தலைமை நிகழ்ச்சிக்குப் பெயர் கிடைத்த இரவில் வாசித்தவர் அவர். தம் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக வாசித்துவந்ததைக் 'கறுப்பு ஹில்பில்லி இசை' என்றே பெய்லி சொல்லிவந்தார். அப்படியானால் அந்த இசை வெள்ளையருக்கு உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடுதான் கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற தருணங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் இதை 'நாட்டுப்புற இசை' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் நாட்டுப்புறப் பாடல் ஆசிரியர் பெயர் அறியாதது, வயலிலும் கோயில் கொடையிலும் இழவு வீட்டிலும் வாழ்வது, விலைக்கு விற்கப்படாதது. கன்ட்ரி இசையின் வேர்கள் அப்படிப்பட்ட மண்ணில்தான் இருந்தன. ஆனால் 'கன்ட்ரி' என்ற வகைமை தோன்றியது கிராமத்தில் அன்று, நியூயார்க் இசைத்தட்டு நிறுவனங்களின் விற்பனைப் பட்டியலில்தான். அதனால் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது.

1920-இல் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனம், மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய, கறுப்பின மக்களிடையே வளர்ந்த புளூஸ் என்ற இசை வகையின் பாடல் ஒன்றை வெளியிட்டபோது, கறுப்பின மக்கள் அதைப் பெருமளவில் வாங்கினர். இப்படியொரு சந்தை இருப்பதை அறிந்த நிறுவனங்கள் அவர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற தனி வரிசையைத் தொடங்கின. மூன்று ஆண்டுகள் கழித்து, 1923 ஜூனில், அதே நிறுவனத்தின் ரால்ஃப் பியர் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவுக்கு வந்தபோது, போல்க் பிராக்மன் என்ற உள்ளூர் இசைத்தட்டு வணிகர், தம் ஊரில் செல்வாக்குள்ள பிடிலர் ஜான் கார்சனைப் பதிவுசெய்யும்படி வற்புறுத்தினார். கார்சனின் குரல் பியருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் பிராக்மன் 500 பிரதிகளை முன்கூட்டியே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். வந்தவை விரைவில் தீர்ந்தும் போயின. தென்மாநில வெள்ளைக் கிராமத்தாருக்கென்று இன்னொரு வரிசை இப்படித்தான் பிறந்தது. 1925-இல் நியூயார்க்கில் பதிவுசெய்ய வந்த ஒரு குழுவிடம் பியர் பெயர் கேட்டபோது, நாங்கள் வெறும் ஹில்பில்லிகள்தான் என்று அவர்கள் சொல்ல, அதுவே குழுவின் பெயராகி, பிறகு இசை வகைக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. நம் வழக்கில் 'பட்டிக்காட்டான்' என்று சொல்வதற்கு ஈடான ஏளனம் அந்தச் சொல்லில் இருந்தது.

ஒரே மாவட்டத்தில், ஒரே பருத்திக்காட்டில், ஒரே ரயில்பாதை வேலையில் இருந்த மக்களின் பாட்டு, பாடுபவரின் தோல் நிறத்தைக் கொண்டு இரண்டு பட்டியல்களாகப் பிரிந்தது இங்கேதான். இசையில் அப்படி ஒரு பிரிவு இருக்கவில்லை. பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் தோல் கட்டிச் செய்துவந்த வாத்தியத்தின் வழித்தோன்றல். பிடில் வாசிப்பும் கதைப்பாடல்களும் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து குடியேறியவர்களோடு வந்தன. கன்ட்ரி இசையின் அழுகுரல் என்று பலர் கருதும் ஸ்டீல் கிட்டார் ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. இத்தனையும் கலந்த பிறகுதான் விற்பனையாளர்கள் கோடு கிழித்தார்கள். எல்லா மக்களும் எல்லாவற்றையும் பாடிவந்த ஊர்களில், கறுப்பினப் பிடிலரைப் பதிவுசெய்ய வந்தவர்கள் அவரிடம் புளூஸ் கேட்டார்கள். வெள்ளையரிடம் பழைய பிடில் மெட்டுகளைக் கேட்டார்கள். பட்டியலில் இடமில்லாத இசை பதிவாகவில்லை. பதிவாகாத இசை பின்னர் வந்தவர்களுக்கு இல்லாத இசையாகிப் போனது.

கன்ட்ரி இசையின் பிறப்பு என்று வழக்கமாகக் குறிப்பிடப்படும் பிரிஸ்டல் பதிவுகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பிரிஸ்டல் விநோதமான ஊர். அதன் முதன்மைத் தெருவின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது, ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. ஓகேயிலிருந்து விலகி விக்டர் நிறுவனத்துக்கு வந்துவிட்ட பியர், 1927 ஜூலை இறுதியில் இரண்டு பொறியாளர்களுடன் அங்கே வந்து, தெருவின் டென்னசிப் பக்கத்தில் தொப்பி நிறுவனம் ஒன்று இருந்த கட்டடத்தில் பதிவுக்கூடம் அமைத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் மின் ஒலிவாங்கியைக் கொண்டு பதிவுசெய்யும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்கு முன் பெரிய புனலின் வாய்க்குள் கத்திப் பாடியாக வேண்டும். இப்போது வீட்டுத் திண்ணையில் பாடுவதுபோலப் பாடினாலும் பதிவாகும் என்ற நிலை வந்திருந்தது. கார்டர் குடும்பத்தின் மெல்லிய கூட்டுக்குரலும் மேபெல் கார்டரின் கிட்டார் நுணுக்கமும் நமக்குக் கிடைத்ததற்கு இந்தத் தொழில்நுட்ப மாற்றமும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

முதல் சில நாட்களில் அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே வந்தார்கள். பிறகு உள்ளூர்ச் செய்தித்தாள், ஏர்னஸ்ட் ஸ்டோன்மன் என்ற பாடகர் முந்தைய ஆண்டில் இசைத்தட்டு உரிமைத்தொகையாக மட்டும் 3,600 டாலர் சம்பாதித்ததை எழுதியது. நிலக்கரிச் சுரங்கமும் சிறு விவசாயமும் தவிர வேறு வருமானம் காணாத மலைப்பகுதியில் அந்தத் தொகை என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். சுற்று வட்டாரத்திலிருந்து ஆட்கள் திரண்டார்கள். ஆகஸ்ட் 5 வரை நடந்த அந்தப் பதிவில் 19 குழுக்கள் 76 பாடல்களைப் பதிந்தன. எல் வாட்சன் என்ற கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞரும் அவர்களுள் ஒருவர். பிரிஸ்டலைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் அவர் பெயர் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

வர்ஜீனியாவின் ஒரு மலைப்பள்ளத்தாக்கிலிருந்து ஏ. பி. கார்டர், அவர் மனைவி சாரா, தம்பி மனைவி மேபெல் ஆகிய மூவரும் மோசமான சாலைகளில் ஒரு நாள் முழுக்கக் காரில் வந்து, ஆகஸ்ட் 1, 2 ஆகிய தேதிகளில் ஆறு பாடல்கள் பதிந்தார்கள். மேபெலுக்கு அப்போது பதினெட்டு வயது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. ஆகஸ்ட் 4 அன்று, முதல் நாள் இரவில்தான் தம் குழுவினரோடு பிணங்கித் தனியாகிவிட்ட ஜிம்மி ராட்ஜர்ஸ், ஒற்றைக் கிட்டாரோடு வந்து இரண்டு பாடல்கள் பதிந்தார். மிசிசிப்பி மாநிலத்து ரயில்வே தொழிலாளியாக இருந்த அவருக்குக் காசநோய் வந்து வேலை போயிருந்தது. பாடல் ஒன்றுக்கு 50 டாலர் கிடைத்தது. ஆறே ஆண்டுகளில், 1933 மே மாதம், 35 வயதில் அவர் நியூயார்க்கில் இறந்தபோது, நாட்டின் புகழ்பெற்ற பாடகர்களில் ஒருவராகியிருந்தார். கடைசிப் பதிவுகளின்போது பாட்டுக்குப் பாட்டு ஓய்வெடுக்கப் பதிவுக்கூடத்திலேயே அவருக்குக் கட்டில் போட்டிருந்தார்கள்.

ராட்ஜர்ஸைப் பெரும் பாடகராக்கியது எது என்று பார்த்தால் மறுபடியும் அந்தக் கோட்டின் மறுபக்கத்துக்கே போக வேண்டியிருக்கிறது. அவருடைய புகழ்பெற்ற 'புளூ யோடல்' பாடல்கள் பன்னிரண்டு தாளக்கட்டு புளூஸ் வடிவத்தில் அமைந்தவை. ரயில்பாதை போடும் கறுப்பினத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் சுமந்த சிறுவயதில் அவர் காதில் விழுந்த பாட்டு வகை அது. அதன் முடிவில் ஆல்ப்ஸ் மலைநாட்டாரின் குரலேற்ற இறக்க முறையான யோடலைச் சேர்த்துக்கொண்டார். 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸில் அந்த வரிசையின் ஒன்பதாம் பாடலைப் பதிந்தபோது டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோ வாசித்தவர் அவர் மனைவி லில் ஹார்டின். ஜாஸ் இசையின் மாமேதையும் கன்ட்ரி இசையின் முதல் பெரும் பாடகரும் ஒரே அறையில் சேர்ந்து செய்த இசைத்தட்டு அது. தட்டின் மேல் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இல்லை.

பியரின் இன்னொரு செயல்முறையும் இதே அளவு முக்கியமானது. விக்டர் நிறுவனத்தில் சம்பளத்தைப் பெரிதாகக் கேட்காமல், தாம் பதிவுசெய்யும் பாடல்களின் பதிப்புரிமையைத் தம் வசம் வைத்துக்கொள்ள அவர் ஏற்பாடு செய்திருந்தார். 1909-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பாடலுக்கு 2 செண்ட் பதிப்புரிமையாளருக்குச் சேரும். ஆகவே அவருக்குத் தேவைப்பட்ட பாடல்கள் பழையவை போல ஒலிக்க வேண்டும். அதே சமயம் புதியவையாகப் பதிவுசெய்யத் தக்கவையாகவும் இருக்க வேண்டும். இந்தப் பசிக்கு ஈடுகொடுக்கத்தான் ஏ. பி. கார்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார்.

அந்தப் பயணங்களில் அவரோடு போனவர் லெஸ்லி ரிடில். டென்னசியின் கிங்ஸ்போர்ட்டில் வாழ்ந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். பாடும் கிழவிகளிடமும் தேவாலயத்தாரிடமும் கேட்ட பாட்டின் சொற்களைக் கார்டர் தாளில் குறித்துக்கொள்வார். மெட்டை ரிடில் மனத்தில் வாங்கிவந்து பிறகு வாசித்துக் காட்டுவார். மேபெலும் அவரிடம் கிட்டார் உத்திகளைக் கற்றார். அந்தப் பாடல்கள் ஏ. பி. கார்டரின் பெயரில் பதிவாயின. ரிடிலின் பெயர் எந்தத் தட்டிலும் வரவில்லை. 1960-களில் இசை ஆர்வலர் மைக் சீகர் தேடிச் சென்று கண்டபோதுதான் அவர் கதை வெளியே தெரியத் தொடங்கியது. கார்டர் குடும்பத்தின் பாடல்களைப் பல ஆண்டுகளாக விரும்பிக் கேட்டுவந்த எனக்கு, இதை அறிந்த பிறகு அந்தக் கிட்டார் ஒலியில் இன்னொரு மனிதரும் உட்கார்ந்திருப்பது கேட்கிறது.

பெயருக்கும் மெட்டுக்கும் உள்ள உறவு இந்த இசையில் எவ்வளவு நெகிழ்வானது என்பதற்கு ஒரு மெட்டின் பயணத்தையே சொல்லலாம். கார்டர் குடும்பம் 1929-இல் பிரிந்துபோன காதலனின் நீலக் கண்களை நினைத்து ஏங்கும் பாட்டாக அதைப் பதிந்தது. 1936-இல் ராய் ஏகஃப் அதே மெட்டில் ஒரு பக்திப் பாடலைப் பாடிப் புகழடைந்தார். 1952-இல் ஹாங்க் தாம்சன், மதுக்கடை வாழ்க்கையைத் தேடிப் போன மனைவியைக் குறைசொல்லும் பாட்டை அதே மெட்டில் பாடினார். சில மாதங்களில், அவள் தவறியதற்கு ஆண்கள் பொறுப்பில்லையா என்று கேட்கும் மறுப்புப் பாட்டை, மெட்டை மாற்றாமலே கிட்டி வெல்ஸ் பாடினார். ஒரு வானொலி வலையமைப்பு அதை ஒலிபரப்பத் தடைபோட்டது. ஆப்ரி மேடையிலும் முதலில் தயக்கம் இருந்தது. இருந்தும் பில்போர்டு இதழின் கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் தனிப் பெண் குரல் அதுவாயிற்று. பெண் பாடகரை நம்பிப் பணம் போடலாமா என்ற நாஷ்வில்லின் தயக்கத்தை உடைத்ததில் இந்தப் பாட்டுக்கு நிகரான இன்னொன்றை நான் காணவில்லை.

டிஃபோர்ட் பெய்லிக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆப்ரியை நடத்தியது ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம், டபிள்யூ.எஸ்.எம். என்ற எழுத்துகளே, லட்சக்கணக்கானோரைக் காக்கிறோம் என்ற அதன் விளம்பர வாசகத்தின் முதலெழுத்துகள்தாம். பெய்லி அதன் பெரிய ஈர்ப்புகளுள் ஒருவராக இருந்தார். ஆனால் சுற்றுப்பயணத்தில் உடன் வாசிக்கும் வெள்ளையர் தங்கும் விடுதியில் அவர் தங்க முடியாது, அவர்கள் உண்ணும் உணவகத்தில் உண்ண முடியாது. 1941-இல் இசையாசிரியர் சங்கமான ஆஸ்கேப்புக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு மூண்டு, அந்தச் சங்கத்தில் பதிவான பாடல்களை நிலையங்கள் விலக்கிவைத்தன. மக்கள் அதுவரை பெய்லியிடம் விரும்பிக் கேட்டுவந்த உருப்படிகள் தடைபட்டன. அந்த ஆண்டே அவர் நீக்கப்பட்டார். புதிய மெட்டுகளைக் கற்கும் உழைப்பு அவரிடம் இல்லை என்று ஹே பின்னர் எழுதினார். பதினைந்து ஆண்டுகள் அந்த மேடைக்கு உழைத்த ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட அந்த வரி அநியாயமானது. பெய்லி நாஷ்வில்லிலேயே காலணி மெருகிடும் கடை வைத்துப் பல ஆண்டுகள் பிழைத்தார்.

அதன்பின் அந்தக் கோடு இடம் மாறவில்லை, பெயர்தான் மாறியது. 1949-இல் பில்போர்டு இதழ் 'ரேஸ்' வரிசையை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்றும், ஹில்பில்லி வகையை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் அழைக்கத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் ஆப்ரி மேடையில் அறிமுகமாகி அரங்கை அதிரவைத்த ஹாங்க் வில்லியம்ஸ், அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது ரூஃபஸ் பேய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகரிடம் கிட்டார் கற்றவர். 1953 புத்தாண்டு நாளில், 29 வயதில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது.

1962-இல் ரே சார்ல்ஸ் முழுக்க முழுக்கக் கன்ட்ரி பாடல்களைக் கொண்ட ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். சிறுவயதில் ஃபுளோரிடாவில் சனிக்கிழமை தோறும் ஆப்ரி கேட்டு வளர்ந்தவர் அவர். வணிகத் தற்கொலை என்று சிலர் எச்சரித்த அந்தத் தொகுப்பு 14 வாரங்கள் நாட்டின் முதலிடத்தில் இருந்தது. கன்ட்ரி பாடலாசிரியர் டான் கிப்சனின் பாட்டு ஒன்று பொதுத் தரவரிசையிலும் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையிலும் உச்சிக்குப் போனது. கன்ட்ரி தரவரிசைக்குள் அது நுழையவில்லை. பாட்டு கன்ட்ரி பாடலாசிரியர் எழுதியது, பாடியவர் வேறு பட்டியலைச் சேர்ந்தவர் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆர்.சி.ஏ. நிறுவனம் சார்லி பிரைடின் முதல் பாடல்களை வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது அவருடைய புகைப்படத்தைச் சேர்க்கவில்லை. மிசிசிப்பியில் பருத்தி பறித்து வளர்ந்த அந்தக் கறுப்பினப் பாடகரை, முகம் தெரியும் முன்பே நிலையங்களும் மக்களும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். 1971-இல் கன்ட்ரி இசைச் சங்கம் அவரை ஆண்டின் சிறந்த கலைஞராகத் தேர்ந்தது.

ஜானி கேஷ் 1968 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறையில் கைதிகள் முன் பாடியது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதே கேஷ் 1970 அக்டோபரில், நாஷ்வில்லின் ரைமன் அரங்கில் நடந்துவந்த தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முதுமையடைந்த லூயி ஆம்ஸ்ட்ராங்கை அழைத்தது எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜிம்மி ராட்ஜர்ஸோடு வாசித்தவர் இவர்தான் என்று பார்வையாளருக்கு எடுத்துச் சொல்லி, அதே பாட்டை இருவரும் சேர்ந்து வழங்கினார்கள். இசைத்தட்டின் மேல் இல்லாமல்போன பெயர், ஆப்ரியின் வீடாக இருந்த அந்த மேடையிலேயே சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஆம்ஸ்ட்ராங் காலமானார். டிஃபோர்ட் பெய்லி 1982-இல் இறந்தார். கன்ட்ரி இசைப் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2005-இல்.

2019 மார்ச்சில், லில் நாஸ் எக்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் பாட்டு கன்ட்ரி தரவரிசையில் நுழைந்த சில நாட்களிலேயே, இன்றைய கன்ட்ரி இசைக்குரிய கூறுகள் அதில் போதுமான அளவு இல்லை என்று சொல்லி பில்போர்டு அதை நீக்கியது. அந்தப் பாட்டு பிறகு பொதுத் தரவரிசையில் தொடர்ந்து 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 2024 பிப்ரவரியில் பியான்சே, கன்ட்ரி தரவரிசையில் முதலிடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் ஒலிக்கும் பாஞ்சோவை வாசித்தவர், அந்த வாத்தியத்தின் ஆப்பிரிக்க வரலாற்றைப் பல ஆண்டுகளாக எடுத்துச் சொல்லிவரும் ரியானன் கிடன்ஸ். மார்ச் இறுதியில் வெளிவந்த அந்தத் தொகுப்பின் இன்னொரு பாட்டு, இசை வகைமைகளைப் பற்றிப் பேசும் ஒரு முதிய பெண்ணின் குரலோடு தொடங்குகிறது. 1969-இல் ஆப்ரி மேடையில் தனியாகப் பாடிய முதல் கறுப்பினப் பெண்ணும், 'பிளான்டேஷன்' என்று பெயர் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் ஒரே ஒரு கன்ட்ரி இசைத்தொகுப்பு வெளியிட்டுவிட்டுத் தென் கரோலினாவுக்குத் திரும்பிப் போனவருமான லிண்டா மார்ட்டெல்லின் குரல் அது.